ரெண்டு வட்டி என்றால் எத்தனை சதவீதம்? வீட்டுப் பணக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவு வங்கி ஒன்றின் நகைக்கடன் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் கேட்பது நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பங்குச் சந்தையும் கிரிப்டோவும் இதில் இல்லை. அதைக் கேட்டு என்னிடம் யாரும் வருவதில்லை. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வட்டிக் கணக்கோடுதான் வருகிறார்கள்.

"வெளியில ரெண்டு வட்டிக்குத் தர்றாங்க. பேங்க்ல 11 சதவீதம் கேக்குறாங்க. ரெண்டுதானே சார் கம்மி?"

இல்லை. ஆனால் இதைக் கேட்பவர் முட்டாளும் இல்லை. இரண்டு பேர் இரண்டு வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசினால் யாருக்கும் குழப்பம்தான் வரும். ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். 12 மாதத்துக்கு 24 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி சொல்லும் 11 ஆண்டுக் கணக்கு. ஊர்ப் பேச்சில் சொன்னால் வங்கியில் கிடைப்பது ஒரு ரூபாய் வட்டிகூட இல்லை, சுமார் 92 பைசாதான்.

ஒரு ரூபாய் வட்டி 12 சதவீதம். ஒன்றரை வட்டி 18. மூணு வட்டி 36. அஞ்சு வட்டி 60. யார் எந்தப் பாஷையில் சொன்னாலும் முதல் வேலையாக அதை ஆண்டுச் சதவீதமாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் செய்யப்போவது அந்த ஒரு வேலைதான்.

"மூணு வருஷமா வட்டி கட்டுறேன். அசல் ஒரு ரூபாகூடக் குறையலையே?"

குறையாது. கைமாற்றுக் கடனில் மாதா மாதம் நீங்கள் கொடுப்பது வட்டி மட்டும். 50,000 ரூபாய் மூணு வட்டிக்கு என்றால் மாதம் 1,500. மூன்று வருடத்தில் 54,000 கொடுத்திருப்பீர்கள், வாங்கியதைவிட அதிகம். அசல் அப்படியே 50,000 நிற்கும்.

வங்கித் தவணையில் வட்டியோடு அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். கைமாற்றில் அது நடக்க வேண்டுமென்றால் நீங்களாகவே பேச வேண்டும்: "மாசம் மூவாயிரம் தர்றேன், வட்டி போக மீதியை அசல்ல கழிச்சுக்குங்க." கழித்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அசல் மொத்தமாகத்தான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு உங்கள் வட்டிதான் வருமானம். அந்த இடத்தில் வேறு வழியில் கடனை அடைப்பது பற்றி யோசிக்க வேண்டும். அதற்குக் கீழே நகைக்கடன் பகுதியைப் பாருங்கள்.

தண்டலில் வட்டியே இல்லையாமே? நூறு நாள், தினம் நூறு ரூபாய், அவ்வளவுதானே?

காய்கறிக்கடை, பூக்கடை, தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. 10,000 ரூபாய் கடன் என்று எழுதுவார்கள். கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே, நூற்றுக்குப் பதினைந்து என்று தோன்றும்.

இரண்டு இடத்தில் கண் தப்புகிறது. ஒன்று, அந்தப் பதினைந்து ஒரு வருடத்துக்கு இல்லை, நூறு நாளுக்கு. இரண்டு, 8,500 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இருக்கவில்லை. மறுநாளே நூறு ரூபாய் திரும்பிப் போய்விட்டது. ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. ஊர்க் கணக்கில் பத்து வட்டி.

ஆனாலும் ஏன் வாங்குகிறார்கள்? காலை நாலு மணிக்கு மண்டியில் சரக்கு எடுக்க எந்த வங்கியும் பணம் தராது. தண்டல்காரர் தருவார், கடை வாசலுக்கே வந்து வசூலிப்பார், பத்திரம் கேட்க மாட்டார். அந்த வசதிக்குத்தான் விலை. அதனால் 'தண்டலை விடுங்கள்' என்று நான் சொல்வதில்லை. தினம் நூறு ரூபாய் கட்ட முடிகிறவரால் ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்ததை வாங்காமல், அதே நூறை இன்னும் 85 நாள் தனக்கே கட்டிக்கொள்ள முடியும். அப்போது 8,500 சொந்த முதலாகிவிடும். இதைச் செய்து காட்டிய பூக்கார அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். செய்யாத முப்பது பேரையும் தெரியும்.

கந்து வட்டிக்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் அதில் உண்டு: கடன் வாங்கியவர் அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யக் கேட்கலாம். மிரட்டல் வந்தால் காவல் நிலையம். எழுதாத பாண்டு பேப்பரிலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் இருந்தால் பாதி வழக்கு வராது.

வண்டிக் கடன் 12 சதவீதம் என்றார்கள். கணக்குப் போட்டால் அதிகம் வருகிறதே?

'ஃபிளாட்' வட்டியாக இருக்கும். ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீதம் ஃபிளாட், இரண்டு வருடம். வட்டி 24,000. மொத்தம் 1,24,000-ஐ 24-ஆல் வகுத்தால் மாதத் தவணை சுமார் 5,167.

இதில் என்ன கோளாறு என்றால், இருபத்து நாலாவது மாதத்திலும் நீங்கள் முழு ஒரு லட்சத்துக்கு வட்டி கட்டுகிறீர்கள். உண்மையில் அப்போது உங்கள் பாக்கி ஐயாயிரம்தான். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே தவணை 21.5 சதவீதக் கடன். காதில் விழுவது 12, கையை விட்டுப் போவது 21.5.

நீங்களே போட ஒரு கைக்கணக்கு உண்டு. மொத்த வட்டியை 24-ஆல் பெருக்குங்கள். (இந்த 24 எப்போதும் 24தான், தவணை எண்ணிக்கை இல்லை.) வந்ததைக் கடன் தொகையால் வகுங்கள். பிறகு தவணை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அதனாலும் வகுங்கள். மேலே சொன்ன கடனுக்கு 0.23 என்று வரும், அதாவது 23 சதவீதம். ஒன்றிரண்டு புள்ளி கூடக் காட்டும், ஆனால் கடைக்காரரிடம் பேசும்போது அவ்வளவு போதும். துல்லியமாக வேண்டுமானால் போனில் உள்ள எக்செல்லில் 'ரேட்' என்ற ஃபார்முலா இருக்கிறது. கல்லூரி போகும் பிள்ளையிடம் கேளுங்கள்.

இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கொடுக்கும் தவணைக் கடனுக்கு 'முக்கியத் தகவல் அறிக்கை' ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் 'ஏபிஆர்' என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம், இதர பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அது. நாற்பது பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு எண்ணை மட்டும் தேடிப் படியுங்கள். காட்டமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ நிஜமாகவே ஜீரோவா?

"ரொக்கமா கொடுத்தா என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். 24,000 ரூபாய் போன், 12 மாதம் 2,000 என்கிறார்கள். ரொக்கத்துக்கு 22,000-க்குத் தருவார்கள் என்றால், அந்த 2,000 ரூபாய் தள்ளுபடியை விட்டுக்கொடுத்தீர்களே, அதுதான் வட்டி. ஆண்டுக்கு 16 சதவீதம் தாண்டுகிறது. ரொக்கத்துக்கும் அதே விலை, கட்டணமும் எதுவும் இல்லை என்றால் உண்மையிலேயே ஜீரோ. அப்படியும் அபூர்வமாக உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டே போகிறேன். போதாதா?

50,000 பாக்கி, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வையுங்கள். வட்டி 1,750. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,500. பாக்கியில் கழிந்தது 435 ரூபாய்தான். இதுவும் மூன்றரை வட்டிதான், ஏசி அறையில் உட்கார்ந்து வாங்குகிறார்கள். முழுப் பாக்கியையும் தேதிக்குள் கட்டுபவருக்குக் கார்டு நல்ல பொருள். மற்றவர்கள் கத்தரிக்கோலை எடுக்கலாம்.

நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சலா?

என் பிழைப்பே அந்தக் கவுன்ட்டரில் ஓடியது. அதனால் சார்போடுதான் பேசுவேன். 36 சதவீதக் கடனை அடைக்க, பீரோவில் தூங்கும் நகையை வங்கியில் வைத்து அதில் பாதிக்கும் மிகக் குறைந்த வட்டிக்குப் பணம் எடுப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. குறைச்சல் என்று நினைத்து நகையைப் பூட்டி வைத்துவிட்டு மீட்டர் வட்டி கட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு: கல், அரக்கு எடை போகும். செய்கூலி, சேதாரம் கணக்கிலேயே வராது. தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 75 வரை என்பதுதான் நீண்ட நாள் வழக்கம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் பின்பற்ற வேண்டும். அதன்படி இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 வரை கொடுக்கலாம். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் அப்போது சேரும் வட்டியையும் கூட்டித்தான் இந்த வரம்பு. ஐந்து பவுன் என்றால் 40 கிராம். கிராம் 10,000 என்று வைத்தால் மதிப்பு 4 லட்சம். 80 சதவீதம் 3,20,000. மொத்தமாகக் கட்டும் கடனாக இருந்தால் கையில் அதைவிடக் குறைவாக வரும்.

கிடைக்கிறதே என்று உச்ச வரம்பு வரை வாங்காதீர்கள். நான் பார்த்த ஏலங்களில் பெரும்பாலானவை வட்டி அதிகம் என்பதால் வந்தவை அல்ல. 'திருப்பி வைப்பது' என்ற பழக்கத்தால் வந்தவை. வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டி மறுபடி வைப்பார்கள், தங்க விலை ஏறியிருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் வாங்குவார்கள். நாலு வருடத்தில் நகையின் விலைக்குக் கடன் வந்து நிற்கும். மாதம் ஆயிரமோ ஐந்நூறோ அசலில் கட்டிக்கொண்டே வரலாம், பெரும்பாலான வங்கிகளில் வாங்கிக்கொள்வார்கள். இது கவுன்ட்டருக்கு வருகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.

கடனை முடித்த ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் புதிய விதிகளில் இருக்கிறது. ஏலம் போனாலும் கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

சீட்டு சேமிப்பா, கடனா?

இரண்டும். அதுதான் அதன் அழகு, அதில்தான் ஏமாற்றமும். என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. முதல் ஏலத்தில் அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார் என்று வைப்போம். அவருக்கு 70,000. தள்ளிய முப்பதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் ஐந்து சதவீதம், 5,000 போக மீதி 25,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250 கசர். அந்த மாதம் எல்லாரும் 3,750 கட்டினால் போதும். மாதம் போகப் போகத் தள்ளு குறையும், கட்டும் தொகை 5,000-ஐ நெருங்கும். இருபது மாதச் சராசரி 4,300 என்று எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் கட்டியது 86,000.

கடைசி வரை பொறுத்திருந்தவர் கமிஷன் போக 95,000 வாங்குகிறார். ஒன்பதாயிரம் லாபம். ஆண்டுக் கணக்கில் சுமார் 12 சதவீதம். வங்கியில் மாதா மாதம் கட்டும் எந்த ஆர்டி சேமிப்பிலும் இது கிடைக்காது. முதலில் எடுத்தவருக்குக் கையில் வந்தது 70,000, கட்டப்போவது 86,000. இதை ஆண்டுச் சதவீதமாக்கினால் 27 வருகிறது, ரெண்டு வட்டியைத் தாண்டிவிட்டது! "சீட்டுல எடுத்தேன், வட்டி இல்லாத பணம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே சீட்டில் ஒருவருக்கு 27 சதவீதக் கடன், இன்னொருவருக்கு 12 சதவீதச் சேமிப்பு. நடுவில் எடுப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட எதுவுமில்லை.

அதனால் சேரும்போதே முடிவு செய்யுங்கள், நான் எடுப்பவனா, பொறுப்பவனா என்று. மகள் கல்யாணம் பதினெட்டாவது மாதத்தில் என்றால் சீட்டு நல்ல கருவி. அடுத்த மாதமே எடுக்கத்தான் என்றால் நகைக்கடன் மலிவு.

அந்த 12 சதவீதம் சும்மா வரவில்லை. எடுத்தவர்கள் ஒழுங்காகக் கட்ட வேண்டும், நடத்துபவர் ஊரில் இருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தை டெபாசிட்டாகப் போட்டு வைக்க வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (2019 திருத்தத்துக்கு முன் 5). "இந்தச் சீட்டோட பதிவு எண் என்ன?" என்று கேட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தெருவில் அக்கா பிடிக்கும் சீட்டுக்கு இது எதுவும் இருக்காது. அங்கே பத்திரம் என்பது அந்த அக்காவின் முகம்தான். போவதானால் தொலைந்தால் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் போங்கள்.

வாராவாரம் கட்டும் குழுக் கடனில் ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்காருகிறார்கள். கேட்க ஆளில்லையா?

குழுக் கடன் போன்ற சிறு கடனுக்கு நுண்கடன் என்று பெயர். 2022-இன் ரிசர்வ் வங்கி விதிகளின்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வரக்கூடாது, போனும் பண்ணக்கூடாது. வீட்டின் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

கடனும் இருக்கு, பேங்க்ல ஒரு லட்சம் டெபாசிட்டும் இருக்கு. டெபாசிட்டைத் தொடலாமா?

டெபாசிட் 7 சதவீதம் தருகிறது, வருடம் 7,000. ரெண்டு வட்டிக் கடன் ஒரு லட்சத்துக்கு 24,000 கேட்கிறது. டெபாசிட்டை வைத்துக்கொண்டிருப்பதற்காக வருடம் 17,000 கொடுக்கிறீர்கள். உடையுங்கள். மனசு வரவில்லை என்றால் அந்த டெபாசிட்டின் மேலேயே வங்கியில் கடன் வாங்கலாம், டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் அதிகம் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையை மட்டும் விட்டுவையுங்கள். அது காலியானால் மறுபடி வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போக வேண்டி வரும்.

சேமிப்பை எங்கே வைப்பது?

கடன் எல்லாம் தீர்ந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு ருசி. வங்கி முறிந்தாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு (2020 பிப்ரவரிக்கு முன் ஒரு லட்சம்தான்). தனியார் நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அஞ்சலகத்தில் போடுவதற்கு மத்திய அரசே பொறுப்பு. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம், 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம். பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதி 2020 ஏப்ரலிலிருந்து 7.1. இரண்டையும் அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யும், போடும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை வாங்குவதும் சேமிப்புதானே என்பார்கள். சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் கொடுத்து வாங்கிய நகை, தங்க விலை அந்த அளவு ஏறிய பிறகுதான் வாங்கிய விலைக்கே வரும். போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், அதில் தப்பில்லை.

ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் தருகிறார்களாம். ஆறு மாதமாகச் சொன்னபடி வருகிறது. போடலாமா?

மாதம் பத்து சதவீதம், ஆண்டுக்கு 120. மேலே தண்டலில் வந்த அதே எண். தண்டல்காரர் வெயிலில் மொபெட்டில் அலைந்து, வராக் கடனையும் தாங்கி எடுக்கும் வருமானத்தை, உங்களுக்கு உட்கார்ந்த இடத்தில் யார் கொடுப்பார்கள்? ஆறு மாதம் வந்தது பின்னால் சேர்ந்தவரின் அசல்.

தொண்ணூறுகளில் சென்னையில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடிய பிறகுதான் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2012-இல் ஈரோடு, பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டார்கள். கோழி கண்முன் நின்றது, தீவனம் வந்தது, மாதச் சம்பளம்போலப் பணமும் வந்தது. கடைசியில் கோழிக்குத் தீவனம் போடவும் ஆளில்லை. நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். மச்சானை முதலில் போய்ப் பிடியுங்கள் என்று நீங்கள் வங்கியிடம் சொல்ல முடியாது. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும், நாளைக்கு உங்கள் வீட்டுக் கடனில் வந்து நிற்கும்.

முழுக் கடனையும் நானே கட்ட நேர்ந்தால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் போடாதீர்கள். உறவு கெடுமே என்றால், உங்களால் முடிந்த ஒரு தொகையைக் கைமாற்றாகவே கொடுத்துவிடலாம், எவ்வளவு போகும் என்றாவது தெரியும். நான் மூன்று பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன். இரண்டு கடன் ஒழுங்காக முடிந்தது.